பிரசவ வண்டிக்கு மட்டும்

"ஏய், அந்தக் கோடியில யாரு? தொங்குது பாரு! இஸ்து கட்டு, ஜல்தி!"

தெருவின் இந்த முனையில் நின்று அபிதகுசாம்பாள் போடுகிற சத்தத்துக்கு அந்த முனையில் கயிறு இறுகுகிறது. ஆரணியின் அந்தத் தெருவில் பால்காரனுக்கு முன்னால் எழுவது அவள் குரல்தான். தண்ணீர் தெளித்த மண்ணுக்கு மேலே இடுப்பு உயரத்தில் பட்டுப் பாவு நீண்டு கிடக்கிறது. ஒரு புடவைக்கு அல்ல, மூன்று நான்கு புடவைகளுக்கான நெடுக்கு நூல் அது. கஞ்சி தொட்ட கையால் இழைகளை வருடிக்கொண்டே நடக்கிறாள். அறுந்த இழை தட்டுப்பட்டால் நிற்பாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து விரல் நுனியில் சாம்பலை எடுத்து ஒரு முறுக்கு, இழை சேர்ந்துவிடும். கோயில் பக்கம் போகிறவர்கள் யாராவது, "குசாம்பா, அந்தக் கையாலயே நெத்தியில ஒரு இழுப்பு இழுத்துக்கயேன்" என்றால், "வேல செய்யற சாம்பல நெத்தியில ஒக்கார வெக்கச் சொல்றியா?" என்பாள்.

அண்ணாமலையாரின் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் நீளம், ஆள் குள்ளம். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை முறுக்கி முறுக்கி ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. தெருவில் சின்னவர்களுக்குக் குசாம்பாக்கா. கணவன் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவான். பேச்சு முழுவதையும் மனைவிக்கே விட்டுக்கொடுத்துவிட்ட மனிதன்.

அவளிடம் ஒரு விசித்திரமான குணம் உண்டு. ரேஷன் கடையானாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரியானாலும் சரி, "ஓரமா நில்லும்மா, கூப்புடறேன்" என்று எவனாவது சொல்லிவிட்டால் போயிற்று. ஓரமாக நிற்க மாட்டாள். சொன்னவனின் மேசைக்கு நேர் எதிரே போய், அவன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு கண் கொட்டாமல் பார்ப்பாள்.

"இன்னாம்மா இது பேஜாரு? அப்பால போயி நில்லேன்."

"கூப்புடறேன்னு சொன்ன வாய நான் பாத்துகினே இருக்கணும். நீ ஒன் வேலயப் பாரு சார்."

இடைஞ்சல் தாங்காமல் முதலில் அவளுக்கே வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அடாவடிக்காரி என்கிறது ஊர். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை என்பதையும் அதே ஊர்தான் சொல்கிறது. அப்போதெல்லாம் நில் என்றால் நிற்பாளாம். நின்றாள், அதற்கு என்ன கிடைத்தது என்பதுதான் கதை.

அதற்கு முன்னால் பாவின் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரு நீளத்துக்குப் பாவு கட்டினால் நடுவில் வெட்டுகிற குறுக்குத்தெரு அடைபட்டுப் போகும். கஞ்சி காய்கிற வரை அதை அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். ஆகவே மாட்டுவண்டி சுற்றிக்கொண்டு போகும். முதலாளியின் காரும் சுற்றிக்கொண்டுதான் போகும். திருவிழா நாளென்றால் கோயிலார் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் பாவே கட்ட மாட்டார்கள். இரண்டே இரண்டு பேருக்குத்தான் விலக்கு. பிணம் வந்தாலும், பிரசவத்துக்குப் போகிற வண்டி வந்தாலும் இரண்டு மூங்கில் கொம்புகளைக் கொடுத்து ஈரப் பாவைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்கள். அதில் இழை அறும். அந்தக் காலைநேர வேலை இரட்டிப்பாகும். யாரும் முகம் சுளித்ததில்லை. வண்டியோட்டி "பிரசவம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இரண்டாம் முறை கேட்க வைத்தால் அந்தத் தெருவுக்கே கேவலம்.

இந்தச் சட்டம் உலகம் முழுவதும் செல்லும் என்று அவள் நம்பியிருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஒரே மகள் கற்பகத்தைப் பினாங்கில் கடை வைத்திருந்த உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். மகளால் கடல் தாண்டி வர முடியாத நிலை. சரி, தாய்வீடே கப்பலேறிப் போகட்டும் என்று கிளம்பினாள் குசாம்பாள். அடைமழைக் காலத்தில் பாவு கட்ட வழியில்லை, வேலையும் இல்லை. ஊரில் கப்பல் டிக்கெட் வாங்கித் தருகிறவர் சுப்பராயலு. பட்டுக்கடை முதலாளி. கோயிலில் குத்துவிளக்கு முதல் டியூப்லைட் வரை எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். அவர்தான் கப்பலின் அடித்தட்டில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். தகரப்பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, குழந்தையைச் சுற்றுவதற்குத் தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய நூல்புடவைகள். துணைக்குப் பக்கத்து வீட்டு ரோசம்மாள் மெட்ராஸ் துறைமுகம் வரை போனாள்.

பஸ் ஆரணியைத் தாண்டும்போதே மழை. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. இவர்கள் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், கப்பல் புறப்படாது. அதில் தவறில்லை. காற்றையும் கடலையும் யாரும் குறை சொல்ல முடியாது. அவற்றுக்கு அறிவில்லை. ஆகவே அவை ஆள் பார்த்து அடிப்பதில்லை.

ஆள் பார்ப்பதற்கு மனிதர்கள் இருந்தார்கள். மேல்தட்டுப் பயணிகளுக்குக் கம்பெனி பஸ் வந்தது. குடை பிடித்து ஏற்றி ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். அடித்தட்டுப் பயணிகளையும் துணைக்கு வந்தவர்களையும் சரக்குக் கொட்டகையில் விட்டுக் கம்பிக்கதவைச் சாத்தினார்கள். புயல் கரையைக் கடந்த அன்று கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வயசானவர்கள் மிளகாய் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அபிதகுசாம்பாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் காவலாள் சொன்னானாம்: "சுத்தியும் தண்ணிதானே ஆயா, இன்னும் தண்ணி கேக்கறே?" அந்த நகைச்சுவையாளன் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டிருந்தான்.

வானம் வெளுத்ததும் நனைந்த நூல்புடவைகளைக் கொட்டகைக் கம்பியில் காயப்போட்டாள். ரோசம்மாள் சொன்னாள்: "யக்கா, பேசாம ஊட்டுக்குப் போயிடலாம்."

"இன்னாடி பேசற? அங்க எம்பொண்ணு கதவப் பாத்துகினு இருக்கும்."

கப்பல் புறப்படும் நாள் வந்தது. அடித்தட்டில் ஒரு பாதிக்குத் தண்ணீர் புகுந்துவிட்டதாம். இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றுவார்களாம். யாரை முதலில் ஏற்றுவது என்று ஒரு வரிசைமுறை வைக்கவில்லை. வைத்திருந்தால் சிலருக்கு வரும்படி போயிருக்கும். கதவைத் திறந்ததும் தள்ளுமுள்ளு. தோள் பலம் உள்ளவன் ஏறினான். கை நீட்டியவன் கையில் எதையாவது வைக்கத் தெரிந்தவன் ஏறினான். அபிதகுசாம்பாள் இடிக்கவில்லை. ஏணிக்குக் கீழே நின்ற வெள்ளைச்சட்டை ஆபீசரிடம் போய் நிமிர்ந்து சொன்னாள்:

"பிரசவத்துக்குப் போறேங்க."

"சரி சரி. ஓரமா நில்லும்மா. கூப்புடறேன்."

அவ்வளவுதான். அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. பிரசவம் என்று சொல்லியாயிற்று; கேட்டுக்கொண்டும் விட்டார். இனி பாவு தூக்கப்படும். "முண்டியடி யக்கா, கப்பலு போயிடப் போவுது" என்று ரோசம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லிட்டேன்டி. ரெண்டாம்தரம் சொன்னா அவருக்கு அவமானம்" என்று பெட்டியோடு ஓரமாக நின்றாள். ஓட்டலில் தங்கியிருந்தவர்களின் பஸ் வந்தது. அவர்கள் வரிசையாக, நிதானமாக, ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறினார்கள். இடம் நிச்சயம் என்றால் எல்லோருக்கும் மரியாதை வந்துவிடுகிறது. ஆபீசர் கடைசியாக ஏறினார். ஏணி மேலே போயிற்று. அவர் ஏமாற்றவில்லை. மறந்துவிட்டார். ஏமாற்றுகிறவனாவது எதிரில் நிற்பது ஒரு மனுஷி என்று நினைத்துத்தான் ஏமாற்றுகிறான்.

ஊருக்குத் திரும்பி நேரே சுப்பராயலுவின் கடைக்குப் போனாள். அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இங்க பாரு, போட்டுக்கீறான். புயலு, வெள்ளம், சண்ட, தெய்வச் செயல், இதுக்கெல்லாம் கம்பெனி ஜவாப்தாரி இல்ல. நான் இன்னா பண்றது குசாம்பா? எல்லாம் அவன் செயல்."

கப்பல் கம்பெனிக்காரனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டோ இல்லையோ, டிக்கெட்டின் பின்பக்கத்தில் மட்டும் கடவுளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறான். கப்பல் ஓடினால் கம்பெனியின் சாமர்த்தியம், ஓடாவிட்டால் கடவுளின் செயல்! இப்படி ஒரு வேலைக்காரன் வேறு யாருக்குக் கிடைப்பான்? சம்பளம் கிடையாது, எதிர்த்துப் பேச்சு கிடையாது, பழியை மட்டும் சுமப்பான்.

அவளுக்குப் படிப்பு இல்லை. ஆனால் கேள்வி இருந்தது.

"புயல அனுப்பினது சாமின்னே வெச்சுக்கோ மொதலாளி. மேல்தட்டுக்காரங்கள ஓட்டலுக்கு அனுப்பினது யாரு? எங்களத் தண்ணியில வெச்சுக் கதவச் சாத்தினது யாரு? ஓரமா நில்லுன்னது யாரு? அதுவுமா சாமி?"

"காச வேணும்னா எழுதிக் கேட்டு…"

"காசு யாரு கேட்டா? எம்பொண்ணு அங்க நாள எண்ணிகினு கீறா."

அடுத்த கப்பலுக்கு அவள் காத்துக்கொண்டிருந்தபோதே சேதி வந்துவிட்டது. குழந்தை இறந்து பிறந்திருந்தது. தாய் பக்கத்தில் இருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மருத்துவம் வேறு, துணை வேறு. துணை மறுக்கப்பட்டது என்பது மட்டும் நிச்சயம். இரண்டு வருஷம் கழித்துக் கற்பகம் ஊருக்கு வந்தாள். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "வலி எடுத்ததுலேர்ந்து அந்த ஆஸ்பத்திரிக் கதவையே பாத்துகினு இருந்தேம்மா." பிறகு மோர் கேட்டாள்.

அன்றைக்குப் பிறகுதான் ஓரமாக நிற்பதை அபிதகுசாம்பாள் விட்டாள்.

போன மாதம் சுப்பராயலு புதுக் கடை திறந்தார். கோயில் நாள்களில் இல்லாத ஒரு புறப்பாட்டைத் தன் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்து, சாமியைத் தன் கடை வாசல் வரை பல்லக்கில் எழுந்தருளப் பண்ணினார். தெருவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவில் கஞ்சி ஈரமாக இருக்கும்போது நாயனமும் மேளமுமாகக் குறுக்குத்தெருவில் வந்து நின்றார்கள். முன்னால் சரிகை அங்கவஸ்திரத்தோடு சுப்பராயலு.

"குசாம்பா! சாமி வருது. பாவ அவுத்து உடு."

"கஞ்சி காயல மொதலாளி."

"அடிப் பாவி, சாமிய நிக்க வெக்கறியா?"

அவள் இழையை வருடிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"ஓரமா நிக்கச் சொல்லு. கூப்புடறேன்."

நாயனம் நடுவில் நின்றுபோயிற்று. பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் சிரித்து, முதலாளி பார்த்ததும் இருமினான். "சாமி குத்தம்டி! குடும்பம் வெளங்காது!" என்றார் சுப்பராயலு.

"ஆவட்டும். அந்தக் கடனத்தான் முன்னாலயே வசூல் பண்ணிடுச்சே ஒன் சாமி."

"ரோசம்மா, நீயாவது சொல்லு!"

மறுபக்கம் பாவைப் பிடித்திருந்த ரோசம்மாள், "நான் மாதா கோயிலுங்க. ஒங்க சாமி வெவகாரத்துல நான் எப்பிடிங்க பூர்றது?" என்றாள்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் அவிழ்த்துவிடலாம் என்றார்கள். பாவுக்குச் சொந்தக்காரன் தன் நூலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். வெயில் ஏறிற்று. தூக்கிகள் தோள் மாற்றினார்கள். அப்போது பல்லக்குக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி, விடாமல்.

"வழி உடுங்கப்பா! பிரசவம்! பிரசவம்!"

ரிக்‌ஷாவில் ஒரு சின்னப் பெண் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். தூக்கிகள் சாமியைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். குசாம்பாளும் ரோசம்மாளும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. மூங்கில் கொம்புகள் எழுந்தன. ஈரப் பட்டுப் பாவு தலைக்கு மேலே போயிற்று. ரிக்‌ஷா அதன் கீழே நுழைந்து ஆஸ்பத்திரித் திசையில் திரும்பியது.

அதே சூட்டில் உள்ளே புகுந்துவிடலாம் என்று சுப்பராயலு ஓர் அடி எடுத்து வைத்தார். அபிதகுசாம்பாள் கொம்பைத் தாழ்த்தினாள். பாவு பழையபடி இடுப்பு உயரத்துக்கு, அவருக்கும் தெருவுக்கும் நடுவே இறங்கி நின்றது. தூக்கியதில் ஓர் இழை அறுந்து காற்றில் ஆடியது. சாமிக்கு முதுகைக் காட்டி நின்று, சுருக்குப்பையிலிருந்து சாம்பலைத் தொட்டு, அதை முறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தாள்.