சாரி-கெச்சூவில் யாரும் சாவதில்லை

தொலைபேசியில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்பதைப் புருல்சா ஒரே அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். பொய் சொல்கிறவர்கள் அவளுடைய பிள்ளைகளை நலம் விசாரிப்பார்கள்.

உண்மை பேசுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது பொழுது? "மாத்திரை போடுறான், சிகரெட்டை விடமாட்டேங்கிறான், நீங்களாவது நாலு திட்டு திட்டுங்க" என்று கொட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் அப்படியில்லை. குரல் இளகும். "உங்க பொண்ணுங்க நல்லா இருக்காங்களா? பிஷ்கெக்ல பனி விழுந்துடுச்சா? உடம்பைப் பாத்துக்கங்க" என்பார்கள். நோயாளி எங்கே என்று கேட்டால், "தூங்குறார்" என்பார்கள்.

இருபத்திரண்டு வருடம் இதய வார்டில் தாதியாக இருந்தவள் புருல்சா. கனத்த ஆள் ஒருவரைக் கட்டிலில் தூக்கிப் போடும்போது முதுகுத்தண்டு விலகியது. அதோடு வார்டு முடிந்தது. ஒரு மாதம் வீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பேராசிரியர் ரக்யா முராத்தோவ்னா கூப்பிட்டு அனுப்பினார். "உன் முதுகு போச்சு, குரல் போகலையே. வந்து போன் பேசு."

தலைநகர் பிஷ்கெக்கில், பல்கலைக்கழகத்தில் ரக்யா நடத்திய ஆய்வுக் குழு அது. மாரடைப்பு வந்து மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் விவரங்களை ஒன்பது மலை மாவட்டங்களிலிருந்து திரட்டினார்கள். முப்பது நாள் கழித்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் புருல்சா போன் செய்வாள். கணினித் திரையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: உயிருடன், இறந்தார், தொடர்பில் இல்லை. வீட்டார் சொல்வதுதான் சாட்சி. எந்த மாவட்டத்தில் சாவு அதிகமோ அங்கே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து அடுத்த வருடம் முதல் போகும். ஊசி ஐந்து மாவட்டங்களுக்குத்தான் கிடைக்கும். பட்டியலை அமைச்சகம் நவம்பர் பத்தாம் தேதி கேட்டிருந்தது.

"என் புருஷனுக்கும் ஒரு கட்டம் இருக்கு" என்பாள் புருல்சா, தேநீர் ஊற்றிக்கொண்டே. "பன்னெண்டு வருஷமா தொடர்பில் இல்லை." அவர் கஸாக் நாட்டுப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவர். குழுவில் கணக்குப் போடும் எல்தியார் இதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பான். குழுவின் இளையவர்கள் எல்லோருக்கும் அவள் எஜே, மூத்த அக்கா.

அந்த எல்தியார்தான் ஒருநாள் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"எஜே, ஒன்பது மாவட்டத்துல இந்தச் சாரி-கெச்சூ பள்ளத்தாக்கைப் பாருங்க. நாப்பத்தொரு பேர். ஒருத்தர்கூடச் சாகல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அஞ்சு மணி நேரம், நடுவுல ரெண்டு கணவாய். ஆனா சாவே கிடையாது. ஓய்வு வாங்கினதும் நான் அங்கதான் வீடு கட்டப்போறேன்."

புருல்சா சிரிக்கவில்லை. அது அவள் பிறந்த பள்ளத்தாக்கு இல்லை. ஆனால் அதற்கு அடுத்தது அவளுடையது. நாற்பத்தொன்றில் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னொரு கட்டம் போடு, எல்தியார்."

"என்னன்னு?"

"தூங்குறார்னு."

"அதைப் போட்டா முராத்தோவ்னா என்னைத் தூங்க வெச்சுருவாங்க."

மலை ஊர்களில் சாவை அந்நியரிடம் போனில் சொல்வதில்லை. வீட்டார் யாராவது தொலைவில் இருந்து இன்னும் கேள்விப்படாமல் இருந்தால், யாரிடமும் சொல்வதில்லை. அவர் வரட்டும் என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். புருல்சாவுக்கே அப்படித்தான் நடந்தது. பத்தொன்பது வயதில், தாதிப் படிப்பின் நடுவில், "அப்பாவுக்குக் காய்ச்சல், வா" என்று சித்தப்பா வந்து அழைத்துப் போனார். வண்டி நிறைய உறவுக்காரர்கள். சித்தப்பா முட்டையை உரித்து உரித்து அவள் கையில் கொடுத்தார். ஏன் இவ்வளவு பாசம் என்று யோசிக்காமல் வழியெல்லாம் விடுதிக் கதைகளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அவர்களும் சிரித்தார்கள். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் அவளைப் பிடித்துக்கொண்டு, "கெட்டியா இரும்மா" என்று தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் விழுந்தபோது இருபது கைகள் தாங்கின. அதையும் மறக்க முடியவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி அவள் பட்டியலில் ஜும்கால்பெக் என்ற பெயர் வந்தது. வயது ஐம்பத்தெட்டு, சாரி-கெச்சூ. அக்டோபர் இரண்டில் மாரடைப்பு. ஆறாம் தேதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மனைவி சல்கின் எடுத்தாள்.

"தூங்குறார்" என்றாள். "உங்க பிள்ளைங்க சௌக்கியமா?"

நான்காம் தேதி: "குதிரையைத் தேடி மேய்ச்சலுக்குப் போயிருக்கார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

மாரடைப்பு வந்த மனிதன் முழங்கால் பனியில் குதிரை தேடப் போனானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆனாலும் வீட்டார் வாக்குப்படி 'உயிருடன்' என்றே குறித்தாள். ஊர்ச் சுகாதார நிலையத்துக்கும் போன் போட்டாள். அங்கிருந்த பெண் தயங்கினாள். "எஜே, அதை நான் சொல்லலாமா? மகன் இன்னும் வரலையே." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

ஆய்வுக்கான சம்மதத் தாளில் இரண்டாவது எண் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜும்கால்பெக்கே எழுதியது: "மகன் எர்மெக். என்னைப் பத்தி எல்லாம் இவனுக்குத் தெரியும்." எண் ருஷ்யாவுடையது. வீட்டுப் பதில் தெளிவில்லையென்றால் இரண்டாவது எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது குழுவின் விதி.

ஆறாம் தேதி கூப்பிட்டாள். லாரி இரைச்சலுக்கு மேலே ஒரு இளங்குரல் கத்தியது.

"யாரு? இதய ஆராய்ச்சியா? எனக்கு இதயமே இல்லைன்னு என் பொண்டாட்டி சொல்றா, எஜே, அவகிட்டப் பேசுங்க!"

"உங்கப்பாவைப் பத்தித்தான், தம்பி. கடைசியா எப்ப அவர்கூடப் பேசினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். மலை மேல டவர் கிடைக்கலையாம். அதனால என்ன, பதினேழாம் தேதி நேர்லயே பாக்கப்போறேனே. ஓம்ஸ்க்ல வெங்காயத்தை இறக்கிட்டு நேரா ஊருக்குத்தான். சித்தப்பா பையனுக்குப் பொண்ணு எடுக்குறாங்க, விருந்து. அப்பாவோட சாம்பல் பெட்டைக் குதிரையை அறுக்குறாங்களாம்! யாரையும் தொடவிடமாட்டார் அதை. கிழவன் எப்படி மனசு வெச்சாரோ. இன்னொன்னு கேளுங்க, எஜே. மூணு வருஷமா என்னோட பேசாத பெரியப்பா இப்ப தினமும் போன் பண்றார். 'மெதுவா ஓட்டுப்பா, பாத்து வாப்பா'ங்கிறார். பல்லு போனதும் பாசம் வந்துடுச்சு போல!"

அவன் சிரித்தான். புருல்சாவுக்கு உரித்த முட்டையின் வாசனை வந்தது.

போனை வைத்ததும் அவள் சுவர் நாள்காட்டியின் முன்னால் போய் நின்றாள். பதினேழிலிருந்து விரலால் பின்னோக்கி எண்ணினாள். நாற்பது நாள் அக்டோபர் ஒன்பதில் போய் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். பெண்ணும் எடுக்கவில்லை, கல்யாணமும் இல்லை. குதிரை, இறந்தவருக்காக நாற்பதாம் நாள் ஊர் கூடி வைக்கும் விருந்துக்கு. லாரி ஓட்டுகிறவனிடம் வழியில் சொன்னால் வண்டி எங்கே போகும் என்று பயந்து, ஊர் கூடி ஒரு கல்யாணத்தைக் கட்டிவிட்டிருக்கிறது.

நேரே ரக்யாவின் அறைக்குப் போனாள்.

"முராத்தோவ்னா, ஜும்கால்பெக் இறந்துட்டார். போன மாசம் ஒன்பதாம் தேதி."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எண்ணிப் பார்த்தேன்." குதிரையைப் பற்றிச் சொன்னாள், பெரியப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

ரக்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எங்கம்மா போனப்ப எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க, புருல்சா. நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அறிக்கையில 'குதிரை அறுக்கப்பட்டதால் இறந்தவராகக் கருதப்பட்டார்'னு எழுத முடியுமா? வீட்டு மனுஷங்க ஒருத்தர் வாயால சொல்லணும். ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும். ஒரு 'உயிருடன்' பொய்னு காட்டிட்டா, அந்த நாப்பத்தொண்ணையும் மறுபடி விசாரிக்கணும்னு அவகாசம் வாங்கிடுவேன்."

"பதினேழுக்கு அப்புறம் சொல்லுவாங்க."

"பத்தாம் தேதி மூடிடுவாங்க. அது என் கையில இல்ல."

ஆக, சொல்லக்கூடியவர்கள் சொல்லமாட்டார்கள். மீதியிருந்தவன் எர்மெக் ஒருவன். அவன் அம்மாவைப் போனில் பிடித்து உலுக்கினால் அவள் உடைந்துவிடுவாள். அவன் வாயால் ஒரு வார்த்தை வந்துவிடும். சாரி-கெச்சூவுக்கு ஊசி போய்ச் சேரும். அதற்கு இவள் ஒரே ஒரு கேள்வியைப் போட்டால் போதும். அந்தக் கேள்வி பனி உறைந்த சாலையில் இருபது டன் வெங்காயத்தோடு தனியாகப் போகிறவனுக்குப் போக வேண்டும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள்.

ஒன்பதாம் தேதி காலை அவனே கூப்பிட்டான். இரைச்சல் அப்படியே இருந்தது. குரலில் சிரிப்பில்லை.

"எஜே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு 'கடைசியா எப்ப பேசினீங்க'ன்னு கேட்டீங்களே. ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"வண்டி ஓட்டிட்டு இருக்கியா, தம்பி?"

"ஆமா."

"ஓரமா நிறுத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மறுமுனையில் இஞ்சின் மட்டும் ஓடியது. அவன் நிறுத்தவில்லை.

"ஏன் நிறுத்தச் சொல்றீங்க?"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அதான்."

"எனக்கு நல்லாக் கேக்குது." என்றான் அவன். "எஜே, அம்மா சரியாப் பேசமாட்டேங்கிறா. என் பசங்க சாப்பிட்டாங்களா, நான் சாப்பிட்டேனான்னே கேட்டுட்டு இருக்கா. நீங்க வெளியாள். உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கு. அதுல எங்கப்பா பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க."

எதிர் மேசையில் எல்தியார் தட்டச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவளுக்கு எதிரே திரையில் வரிசை திறந்தேயிருந்தது. இன்னும் ஒரு நாள் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"உயிருடன்னு போட்டிருக்கு, தம்பி."

"நிஜமாவா?"

"என் கண்ணு முன்னாடி இருக்கு. படிச்சுத்தான் சொல்றேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவன் நீளமாக மூச்சுவிட்டது கேட்டது. "சரி எஜே. மனசு என்னென்னவோ நினைச்சுடுச்சு. விருந்துக்கு நீங்களும் வாங்களேன்!"

"மெதுவா ஓட்டு" என்றாள் புருல்சா. "பாத்துப் போ." சொல்லிவிட்டு, தான் அந்தப் பெரியப்பாவின் குரலில் பேசுவதைக் கேட்டாள்.

எல்தியார் எழுந்து வந்து அவள் கிண்ணத்தில் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி வைத்தான். பத்தாம் தேதி மாலை பட்டியல் போயிற்று. சாரி-கெச்சூ அதில் இல்லை. சாவே இல்லாத ஊருக்கு ஊசி எதற்கு? ரக்யா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

பதினேழாம் தேதி புருல்சா வேலை பார்த்தாளே தவிர என்ன பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. இந்நேரம் கணவாய் தாண்டியிருப்பான். இந்நேரம் ஊர் எல்லையில் வண்டியை மறித்திருப்பார்கள். இந்நேரம் இரண்டு பக்கமும் பிடித்திருப்பார்கள். அவனும் வழியெல்லாம் சிரித்திருப்பானோ? அதற்குக் காரணம் நானோ? இப்படியே பொழுது சாய்ந்தது.

இருபதாம் தேதி அவன் எண் ஒளிர்ந்தது. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தாள்.

"எஜே." குரல் கம்மியிருந்தது. பின்னால் இரைச்சல் எதுவும் இல்லை. "அக்டோபர் ஒன்பது. விடியக்காலம். எழுதிக்கங்க."

அவள் தேதியைக் கேட்டு வியப்பதுபோல் நடிக்கவில்லை. "கெட்டியா இரு, தம்பி" என்றாள்.

"உங்களைத் திட்டத்தான் போன் எடுத்தேன். அம்மா வேணாம்னுட்டா, அந்தம்மாவும் பிள்ளை பெத்தவதானேன்னு." மூக்கை உறிஞ்சினான். "ஊருல அந்த ஊசி இருந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு எங்க டாக்டர் சொல்றார். நீங்க எழுதினா அது வரும்னும் சொன்னார். எழுதிட்டீங்களா?"

திரையில் சாரி-கெச்சூவின் நாற்பத்தொரு வரிசைகளும் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தன. ஜும்கால்பெக், உயிருடன். சொடுக்கினாலும் திறக்காது என்று தெரிந்தும் ஒருமுறை சொடுக்கிப் பார்த்தாள்.

"எழுதிட்டேன்" என்றாள்.

"இருங்க, வைக்காதீங்க. இங்க எல்லாரும் வந்திருக்காங்க. இன்னும் மூணு வீட்டுல உங்ககிட்ட தூங்குறார்னு சொன்னாங்களாம். இப்ப எல்லாப் பிள்ளைங்களும் வந்தாச்சு, மறைக்க ஒண்ணுமில்ல. எங்க பக்கத்து வீட்டு இஸ்மான்குல் பெரியவர், ஆகஸ்டு மாசம். பாலத்துக்கிட்ட இருக்கிற சுயுன் அத்தை. அப்புறம் எங்க பள்ளிக்கூட வாத்தியார். எழுதுறீங்களா, எஜே?"

புருல்சா மேசையில் தேடினாள். தேயிலைப் பொட்டலத்தின் அட்டை கிடைத்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"ஒவ்வொண்ணா சொல்லு, தம்பி. பெரியவருக்கு என்ன வயசு? என்ன தேதி?"