பக் குறைந்துபோன சென்டர்

1. சத்தமில்லாத ஹால்

திண்டிவனம் டெஸ்டிங் சென்டரில் மேனேஜராக நான் சேர்ந்த அன்று, நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் முதலாளி சிவக்குமார் ஒரு ரிப்போர்ட்டைத் திரையில் திறந்து காட்டினார். மாதாமாதம் சாஃப்ட்வேரில் கண்டுபிடித்த பக்குகளின், அதாவது தவறுகளின், எண்ணிக்கை அதில் இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"பாத்தீங்களா மேடம்? நம்ம பசங்க வேலை அவ்ளோ சுத்தம். கிளையன்ட்டே பாராட்டி மெயில் போட்டுக்கினு இருக்காரு" என்றார்.

எனக்கு அந்த ரிப்போர்ட் பிடிக்கவில்லை. சென்னையில் பல வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, கணவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானதால் இங்கே வந்தவள் நான். புதுப்புது வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கிற ஒரு சாஃப்ட்வேரில் பக் மட்டும் குறைகிறது என்றால், எழுதுகிறவர்கள் திடீரென்று தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதிக்கிறவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆஸ்பத்திரி லேப்களுக்கான சாஃப்ட்வேரை எழுதியது சென்னையில் ஒரு கம்பெனி. நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து ரிப்போர்ட் அச்சடிப்பது வரை எல்லாம் அதில்தான் நடக்கும். அதைச் சோதிக்கும் வேலை எங்களுக்கு அவுட்சோர்ஸ் ஆகி வந்தது. எங்கள் டெஸ்டர்கள் தவறு கண்டால் பக் என்று பதிவார்கள். சென்னை டெவலப்பர்கள் திருத்துவார்கள், அல்லது 'இது தவறே இல்லை' என்று ரிஜெக்ட் செய்வார்கள். கடைசியில் நாங்கள் 'சரி, அனுப்பலாம்' என்று சைன்-ஆஃப் கொடுத்தால்தான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும்.

மத்தியானம் நானே ஒரு மெஷினில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் பல தவறுகள் கண்ணில் பட்டன. அவற்றில் ஒன்றுகூடப் பதிவாகி இருக்கவில்லை. இத்தனைக்கும் ஹாலில் சோம்பேறி என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். ஆனால் பேச்சு இல்லை. டெஸ்டிங் நடக்கிற இடத்தில், "ஏய், இங்க வந்து இதப் பாரேன்" என்று ஒரு குரலாவது கேட்கும். அங்கே கீபோர்டு சத்தம் மட்டும்தான் கேட்டது.

விழுப்புரம் திரும்பும் ரயிலில் ஜெனிஃபர் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முகையூர்ப் பக்கத்துப் பெண். விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் சோதிக்கும் பகுதியில், அதாவது அவள் மாட்யூலில், நான் பார்த்த ஒரு தவறைச் சொல்லி, "இதைக் கவனிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் மேடம்."

"ஏன் போடல?"

விக்கிரவாண்டி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரிஜெக்ட் ஆச்சுன்னா அது போட்டவங்க பேர்ல ஏறிக்கும் மேடம். திங்கட்கிழமை சென்னையோட பேசற போன் கால்ல பேரைப் படிப்பாங்க. ஒரு வாட்டி என் பேரைப் படிச்சாங்க. ஹால்ல எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்க. ராத்திரி சோறு எறங்கல. அதுலேர்ந்து நிச்சயமா தெரிஞ்சாதான் போடுவேன். சந்தேகமா இருந்தா உட்டுடுவேன். நான் மட்டும் இல்ல, எல்லாரும் அப்படித்தான்."

2. என் பெயரில் போடுங்கள்

மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "இனிமே சந்தேகமா இருக்கறது எதுவா இருந்தாலும் என் பேர்ல போடுங்க. ரிஜெக்ட் ஆனா என் கணக்குல ஏறட்டும்" என்றேன்.

ஒருவரும் தலையாட்டவில்லை. புதிதாக வந்த மேனேஜர் எத்தனை நாளைக்கு இப்படிப் பேசுவாள் என்று நினைத்திருப்பார்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு வந்தன. அடுத்த வாரம் கொஞ்சம் கூடியது. அதற்கப்புறம் கொட்ட ஆரம்பித்தது.

எங்கள் கிளையன்ட்டான சென்னைக் கம்பெனியின் மேனேஜர் ரகு போன் செய்தார். "என்ன கலா, நீங்க வந்ததும் சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா? ஆஸ்பத்திரியில கோ-லைவ் ஆகற தேதி பக்கத்துல வந்துடுச்சு. இப்போ போய் இத்தனை பக்கா?"

"முன்னாடியும் இருந்தது சார். இப்பதான் எழுதறாங்க."

"பாதிக்குப் பாதி ரிஜெக்ட் ஆகுது, பாத்தீங்களா?"

"ஆகட்டும் சார். மீதிப் பாதி நிஜம்தானே?"

திங்கட்கிழமை கால் வந்தது. ரிஜெக்ட் கணக்கில் முதல் பெயராக ஸ்பீக்கரில் என் பெயரைப் படித்தார்கள். கேட்கப்போவது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் காது சூடாகிவிட்டது. ஜெனிஃபர் சொன்னது எப்படிப்பட்ட அவமானம் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. கால் முடிந்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் ஹாலில் முதல்தடவையாக ஒருவர் இன்னொருவரைத் தன் மெஷினுக்குக் கூப்பிடும் குரல் கேட்டது.

3. இரண்டு அந்தோணிசாமிகள்

சாஃப்ட்வேர் முதலில் போகவிருந்தது விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. சைன்-ஆஃப் கொடுக்க வேண்டிய வாரத்தில் ஜெனிஃபர் ஒரு பக் போட்டாள். பெயர், வயது, போன் நம்பர் மூன்றும் ஒன்றாக இருந்தால் சாஃப்ட்வேர் இரண்டு ஆட்களை ஒரே ஆளாக எடுத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாள். உடனே ரிஜெக்ட் ஆனது. 'மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான். டிசைனே அப்படித்தான்' என்று பதில் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் ரிஜெக்ட்.

"உனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துது?" என்று கேட்டேன்.

"எங்க மாமா வீட்லயே இருக்கு மேடம். மாமாங்க ரெண்டு பேரு, அண்ணன் ஆரோக்கியம், தம்பி அருள். ரெண்டு பேருக்கும் ஒரே வருஷத்துல பையன் பொறந்தான். ரெண்டு பேருமே கோயிலுக்கு வேண்டிக்கினு அந்தோணிசாமின்னு பேரு வெச்சாங்க. இனிஷியலும் இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டுக்கும் 'ஏ'தான். ஆஸ்பத்திரின்னு போனா வீட்ல இருக்கற ஒரே நம்பரைத்தான் குடுப்பாங்க."

சிவக்குமார் என்னை அறைக்கு அழைத்தார். "மேடம், சைன்-ஆஃப் குடுத்துடுங்க. ஜல்தியா முடிச்சாதான் அடுத்த வருஷ கான்ட்ராக்ட். இது அவங்க டிசைன். நாளைக்கு ஒண்ணு ஆனாலும் நம்ம மேல வராது."

"நம்ம மேல வராதுதான் சார்" என்றேன். அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் ஒப்பந்தத்தில், கொடுத்த டிசைன்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. டிசைனே சரியா என்று பார்க்கச் சொல்லி யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் என்னால் அந்தப் பட்டனை அழுத்த முடியவில்லை.

இரண்டாம் நாள் ரகுவே காரில் வந்து இறங்கினார். கூடவே பிரபு என்ற டெவலப்பர். ஜெனிஃபரின் பக்கை ரிஜெக்ட் செய்தது அவன்தான். மீட்டிங் அறையில் உட்கார்ந்து வாதம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. ஜெனிஃபரையும் பிரபுவையும் ஒரே மெஷின் முன்னால் உட்காரவைத்தேன். அதுவரை அவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதுகூட இல்லை.

ஜெனிஃபர் ஓர் அந்தோணிசாமியைச் சிறுநீரக நோயாளியாகப் பதிந்து, ரத்தத்தில் உப்பு ஏறியிருப்பதாக ரிசல்ட் போட்டாள். பிறகு காய்ச்சலுக்காக அதே ரத்தப் பரிசோதனைக்கு வந்தவராக இன்னோர் அந்தோணிசாமியைப் பதிந்தாள். 'பழைய பேஷன்ட்' என்று சொல்லி சாஃப்ட்வேர் அவரை முதல் ஆளின் பக்கத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டாமவருக்கு எல்லா அளவும் சரியாக இருப்பதாக ரிசல்ட் போட்டாள். டாக்டர் பார்க்கும் திரையைத் திறந்தாள். சிறுநீரக நோயாளிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று அதில் இருந்தது.

பிரபு மௌஸை வாங்கி, அவனே முதலிலிருந்து ஒருமுறை செய்து பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி, "சார், இதை டிசைன்னு சொல்ல முடியாது. இதை இப்படியே அனுப்பக்கூடாது" என்றான்.

ரகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தேதி தள்ளிப்போகும். மேல நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். பிறகு அவரே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசினார். தேதி தள்ளிப்போனது. பிரபு அதைத் திருத்தினான். ஜெனிஃபர் சோதித்தாள். நான் சைன்-ஆஃப் கொடுத்தேன்.

4. அதன் பிறகு

இந்த இடத்தில் கதையை முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படி இல்லை. தேதி தள்ளியதில் கிளையன்ட் கம்பெனியின் மேலிடத்துக்குக் கோபம். அடுத்த வருடம் எங்கள் வேலையில் பாதியைப் பிடுங்கி வேறொரு சென்டருக்குக் கொடுத்தார்கள். அதை மெயிலில் அனுப்பாமல் ரகு போனில் சொன்னார்.

"நீங்க பண்ணது சரி கலா. அதை நான் மேல சொல்லியும் பாத்துட்டேன். அதனால ஒண்ணும் மாறல."

சிலரை அனுப்பியாக வேண்டும் என்றார் சிவக்குமார். "நீங்களே சொல்லிடுங்க மேடம். எனக்கு வாய் வராது." அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பறிபோன மாட்யூல்களில் இருந்தவர்கள் போக வேண்டும் என்று முடிவானது. ஜெனிஃபரின் மாட்யூல் எங்களிடமே இருந்தது. வானூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த சுகந்தியின் மாட்யூல் போய்விட்டது.

சுகந்தி அதிகம் பேசாத பெண். நான் சொல்லி முடிக்கும் வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "நான் எதுனா தப்பு பண்ணிட்டனா மேடம்?" என்றாள்.

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்போ ஜெனி போட்டது தப்பா?"

"அதுவும் தப்பில்ல."

"அப்புறம் ஏன் மேடம் எனக்கு?"

அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேருக்கு என்னால் புதுச்சேரியில் வேலை வாங்கித் தர முடிந்தது. சுகந்திக்கு முடியவில்லை. திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். அவள் போன அன்று மதியம் ஜெனிஃபர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "பேசாம இருந்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன்.

மிச்சமிருந்த பாதி வேலையில் நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். ரகு அதற்குத் துணை நின்றார். திங்கட்கிழமை காலில் பெயர் படிப்பது நின்றது. ஒரு பக்கை ரிஜெக்ட் செய்வதற்கு முன் டெவலப்பர் அதைப் போட்டவரிடம் போனில் பேச வேண்டும் என்று வைத்தோம். இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. பக் எண்ணிக்கை குறையவில்லை.

இன்று டெஸ்டிங் டீம்களை நடத்த வருகிற இளையவர்கள் என்னிடம் டூல் பற்றியும் ஆட்டோமேஷன் பற்றியும் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். பிறகு இதையும் சொல்கிறேன்: உங்கள் ரிப்போர்ட் அழகாக இருக்கும் மாதத்தில் ஹாலுக்குள் போய் நில்லுங்கள், உங்கள் ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள், அந்தப் பயத்தை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று மட்டும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சில சமயம் அதன் விலையை, சொன்னவரும் கொடுக்க மாட்டார், சொல்ல வைத்தவரும் கொடுக்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கொடுப்பார். அது தெரிந்தும்தான் அந்த சைன்-ஆஃபை நிறுத்த வேண்டியிருக்கிறது.