பீரோவில் பத்திரமாக இருந்த அலாரம்

லைன்மேன்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அலாரம் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. கரண்ட் ஓடும் பெரிய கம்பிக்கு அருகே போனால், தொடுவதற்கு முன்பே கத்துமாம். ஜோகுபாளையத்து வீட்டில் என் வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. கம்பம் ஏறுகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறென்ன வேண்டும்?

டப்பா ஆபீசுக்கு வந்தது. அவர் பைக்கு வரவில்லை. இன்ஜினியர் மகா புத்திசாலி. ஆளுக்கொன்று கொடுத்தால் தொலைத்துவிடுவார்களாம், தொலைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் இவராம். அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆள் தொலைந்தால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது.

நான் அதை முதலில் பார்த்தது ஆயுத பூஜையன்று. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஏணி, கட்டிங் பிளையர், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் வாழையிலைமேல் வரிசையாக அலாரங்கள். சத்தம் வரும் ஓட்டையிலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்கள். இன்ஜினியர் கற்பூரம் காட்ட, கம்பம் ஏறுகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொரி வாங்குகிற சாக்கில் ஒரு டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவ்வளவு பத்திரம் பேசியவர் திரும்பப் பூட்டும்போது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சுவிட்சைப் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்து, ஊக்கும் குத்திவிட்டேன்.

"சர்க்கார் சாமான்டி, மாட்னா வேல பூடும்," என்றார்.

"உசுரு பூட்டா வேலைக்கு யாரு போவாங்க?" என்றேன்.

அந்த வாரமே சிவாஜிநகரில் கம்பி பழுது. லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். கரண்ட் போனதும் கீழே ஒரு துணிக்கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டார். அதைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்துவிடும் சுவிட்ச் அந்தக் கடையில் இல்லை. இருக்கிறதா என்று யாரும் கேட்டதுமில்லை. கடைக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி, நிறுத்திவைத்த பெரிய கம்பியில் ஏறிவிட்டது. கையை நீட்டப் போனவரின் பையில் டப்பா, சந்தனம் அடைத்த மூக்கோடு முனகியிருக்கிறது. அவர் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அவர் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

விஷயம் இன்ஜினியர் காதுக்குப் போனது. ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "பீரோல இருந்த சாமான் உன் பாக்கெட்டுக்கு எப்டிப்பா வந்துச்சு?" என்றுதான் கேட்டாராம். நம்மவரோ டப்பாவைத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் கத்தின கத்தல் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

"இன்னா பண்றது, கேட்டாரு, குட்த்துட்டேன்."

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் போகவில்லை. அவர் மட்டும் போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வந்தார்.

"இந்த தபா நம்ம டப்பாக்குத்தான் பெரிய மாலை. இன்ஜினியரே போட்டாரு. உசுர காப்பாத்துச்சு இல்ல?"

முகமெல்லாம் பூரிப்பு. மறுநாள் காலை வெறும் சட்டைப் பையோடு கம்பம் ஏறக் கிளம்பினார்.