சின்னுசாமி மாமாவின் முதுகு நடித்த படம்

எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; அதில் அரியூர் நாட்டுச் சின்னுசாமி மாமாவுக்கு இரண்டு பெருமை. ஒன்று மீசை. பஸ்ஸில் முதலில் அது ஏறும், பிறகுதான் மாமா ஏறுவார். இன்னொன்று மரம் ஏறுவது. மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக்கில் இந்த வயதிலும் ஏணி இல்லாமல் ஏறுகிறார். ஏறுமுன் உள்ளங்கையில் துப்பி, இடுப்பில் துடைத்து, மரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். எறும்புகளுக்கு நோட்டீஸ் விடுகிறாராம்.

ஒரு வெட்கமும் உண்டு. எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. உங்களைக் காக்க வைப்பானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்குக் கல்யாணமான புதிதில் மலைக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. கதாநாயகி அருவியோரத்து மரத்தில் ஏறிக் காதலன் போன பாதையைப் பார்க்க வேண்டும். அந்தம்மா ஸ்டூலில் ஏறவே பயப்பட்டார். மாமாவைப் பிடித்தார்கள். மீசையை வழித்து, சவுரி வைத்து, பட்டுச்சேலை கட்டிவிட்டார்கள். மாமா தொழில் தெரிந்தவர். “பட்டு வழுக்குமுங்க, நூல் சேலைதான் மரத்தைப் புடிக்கும்” என்று வீட்டுக்கு ஓடி, மாதம்மா அத்தையின் கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். முதுகுப் பக்கம் மட்டும் படம் பிடித்தார்கள். அப்புறம்தான் வினை. முகம் தெரியும் காட்சியிலும் அதே சேலை இருக்க வேண்டுமாம். கதாநாயகி அதைக் கட்டிக்கொண்டு காரில் போயே போய்விட்டார்.

சேலை எங்கே என்று அத்தை கேட்டபோது மாமா வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் விருந்துக்கு வந்துபோன மாமாவின் தங்கச்சி ருக்குமணி மேல் பழி விழுந்தது. அப்போதும் திறக்கவில்லை. மீசை எங்கே என்றதற்கு மட்டும், அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். உலகத்திலேயே மீசையைக் காணிக்கை வாங்கிய ஒரே சாமி எங்கள் சாமிதான். அன்றிலிருந்து நாத்தனாரும் அண்ணியும் பேசுவதில்லை. ருக்குமணி அத்தை வாழ்க்கைப்பட்டது பக்கத்து பைல் நாட்டில். சந்தையில் ஒருத்தர் வாழைப்பழக் கடையில் நின்றால் மற்றவர் கருவாட்டுக் கடைக்குப் போய்விடுவார், கருவாடு சாப்பிடாத நாளிலும்.

போன மாதம் மாதம்மா அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். சேலத்தில் மறுபடி காட்டப் போனபோது நானும் துணைக்குப் போனேன். பத்தாவது கணக்கு என்னைக் கைவிட்டதால் எனக்கு எந்நாளும் லீவுதான். டாக்டரிடமிருந்து வெளியே வந்ததும் அத்தை, “புதுக்கண்ணுக்கு ஒரு பழைய படம் காட்டுங்க” என்றார்.

சேலத்தில் பழைய படங்களையே மாற்றி மாற்றி ஓட்டும் தியேட்டர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மூன்று போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒன்று கத்திப் படம். இன்னொன்று அழுகைப் படம். மூன்றாவது அருவிப் படம். அதில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மரம் ஏறினாள். மாமா சட்டென்று அந்தப் போஸ்டரில் சாய்ந்துகொண்டார். தன் முதுகைத் தன் முதுகாலேயே மறைக்கிறார் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

“கத்திப் படம் போலாம். குதிரையெல்லாம் வருது.”

“அந்தச் சத்தத்துக்கு என் தலை தாங்காதுங்க.”

“அப்ப இது. குடும்பப் படம்.”

“அழுவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல? நகருங்க, உங்க பின்னால என்ன படம்?”

“இது வேண்டாம் மாதம்மா. பூராத் தண்ணி. கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னும் சொன்னாரு.”

“மாமா, அது திரையில ஓடற தண்ணிங்க. தெறிக்காது” என்றேன்.

மாமா என்னைத் தனியே இழுத்துப்போனார். “சாமி, உனக்கு பிரியாணி வாங்கித் தாரேன். கத்திப் படத்துக்கு டிக்கெட் எடு.” பிரியாணியைத் தின்றுவிட்டு அருவிப் படத்துக்கு எடுத்தேன். ஒரு மனுசன் இவ்வளவு பயப்படுகிற படத்தைப் பார்க்காமல் விட்டால் நான் நானா?

இடைவேளை வரைக்கும் அத்தை சிரித்துக்கொண்டே இருந்தார். மாமா முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வாசல் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்க்கப் பார்க்க, தின்ற பிரியாணி எனக்குள்ளேயே என்னைத் திட்டியது.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி மரத்தடிக்கு வந்தாள். முதுகைத் திருப்பினாள். உள்ளங்கையில் துப்பினாள். இடுப்பில் துடைத்தாள். மரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான் சடாரென்று எழுந்து அத்தைக்கு முன்னால் நின்றேன்.

“டேய் கம்பம், உக்காருடா!” என்று பின்னாலிருந்து சத்தம்.

“உக்காரு கண்ணு” என்று அத்தையும் சொன்னார். குரல் மாறியிருந்தது. “பாத்துட்டேன்.”

திரையில் இப்போது கதாநாயகியின் முகம். ஓவென்று அழுது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானை மூலையில் மஞ்சள் நூலில் ஒரு தையல், திரை அகலத்துக்குத் தெரிந்தது.

“எங்க கல்யாணத்தன்னைக்கு ஆடு கடிச்ச எடம். எங்கம்மா தெச்சது” என்றார் அத்தை. மாமா பக்கம் திரும்பவே இல்லை. “கண்ணு, ருக்குமணி ஊட்டுக்கு போன் போடு.”

ருக்குமணி அத்தையின் மகன் செல்வம் என்னோடு படித்தவன். போட்டுக் கொடுத்தேன். தியேட்டரே உஸ் உஸ் என்றது.

“ருக்கு, நான் மாதம்மா. வெச்சிராத. என் சேலை கெடச்சிருச்சு.”

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. “எங்க கெடச்சுது, அண்ணி?”

“சேலத்துல. ஒருத்தி கட்டிக்கிட்டு அழுவறா.” அத்தை போனை வாயோடு ஒட்டிக்கொண்டார். “நீ எடுக்கல சாமி. நாளைக்கு உன் ஊட்டுக்கு வாரேன். கதவைத் தொறப்பியா?”

“தொறந்துதான கெடக்குது” என்றது போன்.

மலையேறும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மாமா அத்தை மேல் சாய்ந்தார், அத்தை முழங்கையால் தள்ளினார். பாதி மலையில் மாமா மெல்லச் சொன்னார்: “நாளைக்கு மீசையை எடுத்துட்டு வாரேன். தங்கச்சி காலுல உழறவனுக்கு அது எதுக்கு?”

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தை ஒரு வளைவு முழுக்கப் பார்த்தார்.

“மீசை இருக்கட்டும். சேலை கட்டிட்டு வாங்க, போதும்.”