ரோசலினின் லீக்ஸ் பாத்தியில் திரும்பிய தேர்

மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே வருவது ரோசலின் என்று எனக்குத் தெரியும். அன்று காலையும் பைனஸ் மரக் காட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தலவாக்கலையில் மகன் வீட்டுக்குப் போனவள் திரும்பிவிட்டாள் என்று நினைத்து, சாயத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வண்டி அவளுடையதுதான். ஓட்டி வந்தது அவள் மகன் அன்டன்.

"அம்மா போயிட்டாங்க பெரியம்மா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டுதான் வந்தாங்க. போன்ல சொல்ல மனசு வரல, அதான் நானே வந்தேன்."

உள்ளே இரண்டு கோப்பையும் ஆறிப் போய்க் கிடந்தன.

ரோசலினை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேரைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டித் தூங்க வைத்தவள் அவள். தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால், மாலை வரை அவள்தான் தாய். அவள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எனக்கு எழுத வருமா என்று கேட்டேன். "நீங்கதானே அவங்க வண்டியில பின்னால ஒக்காந்தவங்க, நீங்கதான் எழுதணும்" என்றார்கள். அதனால் அந்த வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

அது அவள் புருஷன் வண்டி. அவர் இறந்த பிறகு வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. பந்து விளையாடும் மைதானத்தில் தள்ளிக்கொண்டு போய், விழுந்து எழும்பி, முட்டியெல்லாம் சிராய்த்துப் பழகினாள். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இவளுக்கு ஏன் இந்த ஆட்டம்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவள் வண்டியை நிமிர்த்திக்கொண்டே, "சிரிக்கிறவ எல்லாம் ஒரு நாளைக்குப் பின்னால ஏறத்தான் போறீங்க" என்றாள். முதலில் ஏறியது நான்தான்.

நாங்கள் இருப்பது மேமலை. கோயிலும் தேயிலை ஸ்டோரும் கீழே, பணிய. ஒரு பெருமழையில் மேமலைக்கு வரும் ரோடு சரிந்து விழுந்தது. அந்த முறை மாரியம்மன் தேரை மேலே கொண்டு வர முடியாது, பணியவே சுற்றி முடித்துவிடலாம் என்று கோயில் கமிட்டியில் பேசினார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படுக்கையோடு கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் வாசலுக்கு வருவதுதான் அவர்களுக்குக் கோயில். ஒரு வருஷம் நின்றது எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. பஸ் அப்படித்தான் நின்றது. பிள்ளைக் காம்பராவும் அப்படித்தான் மூடியது.

ரோசலின் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்துவிட்டாள். "அழுதா ரோடு வருமா? பழைய வழி எத்தனையோ காட்டுக்குள்ள கெடக்கு. ரோட்டக் கேட்டா சொல்லாது, ஓடிப் பாத்தாதான் சொல்லும். ஏறுடி."

தேர் என்றால் டிராக்டர் பெட்டியில் ஜோடிப்பதுதான். அந்தப் பெட்டியின் அகலத்துக்கு ஒரு மூங்கில் கழி வெட்டினோம். போகும்போது கழியை நீளவாக்கில் பிடித்துக்கொள்வேன். ஒடுக்கமான இடம் வந்தால் இறங்கிக் குறுக்கே பிடிப்பேன். கழி இடிக்காமல் போனால் தேரும் போகும். சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்த என்னைப் பார்த்து, "நீ என்ன மகாராணியா? ரெண்டு பக்கமும் காலைப் போடு" என்றாள். எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாகக் கம்பசுக்குப் படிக்கப் போனவள் என் பேத்தி. அதை நான் எங்கேயும் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பேத்தியின் கால்சட்டையைச் சேலைக்குள் மாட்டிக்கொண்டு போனேன். கொழுந்து எடுத்தவர்கள் தேயிலை நிரையிலிருந்து கூவினார்கள்: "காமாட்சியக்கா, ரேசுக்கா போறீங்க?"

ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, ஒரு பக்கம் ஓடை, நடுவில் சறுக்கும் சேறு. நான் பயத்தில் பேசாமல் போனேன். அவள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்க. வாய மூடாத. நீ பேசுனாத்தான் பின்னால இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு வாய் ஓயாமல் பேசினேன். நெத்தலி விலை, மருமகள் குறை, கண்ணில் பட்ட மரம், எல்லாவற்றையும் பேசினேன்.

பல நாள் அலைந்து, பைனஸ் காட்டுக்குள் பழைய விறகு ரோடு ஒன்றைக் கண்டுபிடித்தோம். கழி எங்கேயும் இடிக்கவில்லை. நேராக மேமலைக் கடைசி லயத்தில், ரோசலின் வீட்டடியில் வந்து ஏறியது. சந்தோஷத்தோடு கீழே போய்ப் பூசாரி அண்ணனிடம் சொன்னோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வழி சரி தாயி. மேல போன ஆத்தாள எங்க வச்சித் திருப்புவீங்க?" என்றார்.

புறப்பட்ட தேரைப் பின்னால் தள்ளக் கூடாது. எங்கள் வழக்கம் அது. முன்னுக்கே போய் வளைந்துதான் திரும்ப வேண்டும். அகலத்தை அளந்த நாங்கள் திரும்புவதை நினைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியாது, எங்க மாதாவத் தோள்ல தூக்கித் திருப்பிருவோம்" என்றாள் ரோசலின். "நீ அம்மன் வாசல்ல வளந்தவ. ஒன் புத்தி எங்கடி போச்சு?"

"ஒன் வண்டி குலுக்குன குலுக்குல கொட்டிப்போச்சு."

பூசாரி அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. மறுநாள் முழுக்கத் திரும்புகிற இடம் தேடினோம். எங்கும் சரிவுதான். சாயங்காலம் அவள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. தன் லீக்ஸ் பாத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேமலையில் சமமாக இருந்த ஒரே இடம் அதுதான். நாற்று நட்டு, மண் அணைத்து, வெங்காயத்தாள் மாதிரித் தண்டு பருக்கத் தொடங்கியிருந்தது.

"வேணாம் ரோசு" என்றேன்.

"லீக்ஸ் இன்னொரு தடவ வரும். நின்னுபோன தேரு வருமா?"

பருக்காத லீக்ஸைப் பிடுங்கி லயம் லயமாகக் கொடுத்தாள். மேமலை முழுக்க அந்த வாரம் லீக்ஸ் கறிதான். அந்த வருஷம் அம்மன் விறகு ரோட்டில் ஏறி வந்து, அவள் பாத்தியில் வளைந்து திரும்பினாள். ரோசலின் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சிலுவை போட்டுக் கும்பிட்டாள். பிறகு அந்த இடத்தில் அவள் ஒரு கீரை விதைகூடப் போடவில்லை. புல்லை மட்டும் வெட்டி வைத்திருந்தாள்.

அவள் உடலைக் கொண்டு வந்த வேனும் அதே விறகு ரோட்டில்தான் வந்தது. ஜெபம் முடிந்து சவப்பெட்டியை ஏற்றியதும், டிரைவர் பின்னால் எடுக்கப் பார்த்தார். கூட்டத்திலிருந்து பூசாரி அண்ணன் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பின்னால எடுக்காதீங்க தம்பி. முன்னுக்கே வளைச்சித் திருப்புங்க. எடம் இருக்கு. அந்தப் புள்ள விட்ட எடம்தான்."

வேன் மெதுவாக வளைந்தது. எங்கள் ஆட்களில் பெண்கள் லயத்துக் கடைசியோடு நின்றுவிடுவோம், சவத்துக்குப் பின்னால் போவதில்லை. அன்று நான் நிற்கவில்லை. மூங்கில் கழி என் வீட்டுக் கூரை இடுக்கில் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் அவள் எனக்கு விட்டுப்போனது அது மட்டுமில்லை. பைனஸ் காட்டு வளைவு வரை வேனுக்குப் பின்னால் நடந்தேன். ஓடையில் தண்ணி ஏறியிருக்கு ரோசு, இந்த எடம் சறுக்கும், பாத்துப் போ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வாயை மூடவில்லை.