அக்கரைக்கு வீசிய தூண்டில்

என் கணவருக்கு ஆஸ்திரேலியாவில், ஒரு கடலோர ஊரின் ஓட்டலில் சமையல் வேலை. அங்கே ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ப்ரீம் என்றொரு மீன் உண்டாம். கரையில் ஆள் நிழல் அசைந்தாலே ஓடிவிடுமாம். அதைப் பிடிக்க அவர் பழகிய தூண்டில்தான் லீவில் வரும்போது பெட்டியில் சேலைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வந்தது. அதில் புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. முள்ளில் கோழி இறகைச் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியிருப்பார். கனம் முழுவதும் நூலில்தான். தடித்த பச்சை நூல். நுனியில் மட்டும் மெல்லிய நைலான் நரம்பு. கோலை முன்னும் பின்னும் ஆட்டினால் நூல் காற்றில் வளைந்து நீளும். இறகு தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கும்.

எங்கள் ஊர் வடக்கனந்தலில், அறுப்பு முடிந்த எங்கள் நெல்வயலில் காலைதோறும் அதை வீசிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். லீவு முடியப்போகும் நேரத்தில், மலையடிவாரத்து ஆற்றில் ஒரு முறை வீசிப் பார்க்கவேண்டும், நீயும் வா என்றார். வண்டியில் கிளம்பினோம்.

எங்களுக்கு மேலே வானம் வெளுப்பாக இருந்தது. கல்வராயன் மலைமேல் மட்டும் மேகம் கவிழ்ந்திருந்தது. நான் அதைச் சொன்னேன். அது எப்போதும் அப்படித்தான் என்றார். முழங்கால் தண்ணீரில் நடந்து, ஆற்றின் நடுவே மருதமரம் நின்ற ஒரு பாறைத்திட்டில் ஏறினோம். அவர் வீச ஆரம்பித்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

முதலில் தண்ணீரில் சருகு வந்தது. பிறகு சுள்ளிகள். தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண் நிறமானது. லாரி ஏற்றம் ஏறுவதுபோல மேலே எங்கோ ஒரு சத்தம். நான் எழுந்து நிற்பதற்குள், நாங்கள் நடந்துவந்த இடத்தில் ஒரு முழு மூங்கில் புரண்டு போனது.

அவருக்கு நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் பாறையின் விளிம்பைத் தொட்டதும் அவர் சட்டையைக் கழற்றினார்.

"நான் நீந்திப் போயி ஆள கூட்டிக்கினு வரேன். நீ மரத்தப் புடிச்சிக்கினு இரு."

"போவாதீங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்துல பாற முழுவிடும்."

"நீ போனா உன் பொணம் கூட எனக்குக் கெடைக்காது," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதே இல்லை. அவர் சட்டையைக் கையில் வைத்தபடி நின்றார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கரைத் தடத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய ஒரு டெம்போ வந்து நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, மூட்டை கட்டும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். நுனியில் கல் கட்டி வீசினார். பாதி தூரம் கூட வரவில்லை. மறுபடி வீசினார். கல் கழன்று போனது. என் கணவர் அந்தக் கயிற்றையே பார்த்தார். பிறகு கோலை எடுத்தார்.

முதல் வீச்சில் நூல் பின்னால் மருதக் கிளையில் மாட்டியது. இழுத்ததில் நரம்பு அறுந்து இறகு மரத்திலேயே நின்றுவிட்டது. வேறு நரம்பில் வேறு இறகு கட்ட முயன்றார். ஈரத்தில் நரம்பு வழுக்கி முடிச்சு விழவே இல்லை. தண்ணீர் எங்கள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நான் நரம்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். முடிச்சு விழுந்தது.

"அந்தாண்ட மீன் நிக்கிதுன்னு நெனச்சிக்கினு போடுங்க," என்றேன்.

இந்த முறை கோலைப் பின்னால் கொண்டுபோகவில்லை. காதோரம் நிமிர்த்தி நிறுத்தி, முன்னால் அடித்தார். நூல் தண்ணீர்மேலே சக்கரம்போல உருண்டு போனது. அக்கரையை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நூலை உருவிவிட்டு மீண்டும் அடித்தார். டிரைவர் இடுப்புத் தண்ணீர்வரை இறங்கி, வேரைப் பிடித்தபடி கையை நீட்டினார். நூல் அவர் தோளில் விழுந்தது.

மெல்லிய நுனியில் கட்டினால் அறுந்துவிடும், தடித்த நூல் கைக்கு வரும்வரை இழுக்கவேண்டும் என்று என் கணவர் கத்திக் கத்திச் சொன்னார். டிரைவர் அப்படியே இழுத்து, கயிற்றை அதில் கட்டி, ஆற்றின் மேல்பக்கமாக நடந்துபோய் அதைத் தண்ணீரில் விட்டார். வெள்ளமே கயிற்றை எங்களிடம் தள்ளட்டும் என்று. என் கணவர் நூலை இழுக்க இழுக்க அது விரலை அறுத்தது. நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து இழுத்தேன். கயிறு வந்ததும் மரத்தில் கட்டினோம். மறுமுனையை டிரைவர் டெம்போவில் கட்டினார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கணவர் இறங்கப் போனார். டிரைவர் இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தார்.

"எறங்காதீங்கண்ணே. மிச்சக் கவுத்துல ரெண்டு பேரும் மரத்தோட சேத்துக் கட்டிக்குங்க. அக்காவ வுட்றாதீங்க. மலைத்தண்ணி வந்த மாரியே வடியும்."

கட்டிக்கொண்டோம். தண்ணீர் தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்புக்கு. ஒவ்வொரு கட்டை வந்து மோதும்போதும் மரம் அதிர்வது என் முதுகில் தெரிந்தது. அவர் என் தலைக்கு மேலாக மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். அவர் இதயம் அடிப்பதை நான் கேட்டேன். டிரைவர் கரையைவிட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை, இருக்கீங்களா என்று குரல் கொடுத்தார். நாங்கள் இருக்கிறோம் என்றோம்.

பொழுது சாயும் நேரத்தில் பாறை மறுபடி தலைகாட்டியது. கயிற்றைப் பிடித்து, தொடையளவுத் தண்ணீரில் ஒவ்வொருவராகக் கடந்தோம். கரையேறியதும் நான் டிரைவரின் கையைப் பிடித்தேன். ஈரத்தோடு உட்காரவேண்டாம் என்று சாக்கு ஒன்றை எடுத்துத் தந்தார்.

வீட்டில் மாமியார், மீன் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னோம். என் கணவர் ஆஸ்திரேலியா திரும்பும்வரை அதைப்பற்றி நாங்கள் இருவரும்கூடப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே தூங்கினோம், அவ்வளவுதான்.

இப்போதும் அவர் லீவு நாளில் முகத்துவாரத்துக்குப் போகிறார். வெள்ளி மினுங்கும் ப்ரீமைப் பிடித்தபடி போட்டோ அனுப்புவார். நான் மீனைப் பார்ப்பதற்கு முன் அவர் முழங்காலைப் பார்க்கிறேன். உடனே போன் போட்டு, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று கேட்கிறேன். அவர் சிரிப்பதில்லை. கரைக்கு வந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.