இடது கையில் ஊற்றிய தண்ணீர்

காலை ஏழே முக்காலுக்குத் தொடங்கியது சண்டை. காப்பி டம்ளரோடு கொல்லைப்புறம் வந்த அப்பா, கொடியில் காய்ந்துகொண்டிருந்த படங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பொங்கலுக்குக் கொப்பரை வியாபாரிகளுக்கெல்லாம் எங்கள் தோப்பைப் படமாகப் போட்டு வாழ்த்து அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது அவர் படிப்பு. அவர் செய்து தந்த படத்தில் ஆனைமலை, தென்னை வரிசை, மட்டைக் குவியல். நடுவே களத்தில் வேலை செய்யும் பெண்கள் குனிந்து கையேந்தியிருக்க, அப்பா செம்பை உயரப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறார். மூக்கு முதற்கொண்டு அப்பாவேதான். செம்பு மட்டும் இடது கையில்.

பலகையில் வலது, தாளில் இடதாக விழும். மேலே பொங்கல் வாழ்த்து எழுத்துகளை ஞாபகமாகத் திருப்பிச் செதுக்கிய மனுஷனுக்குக் கையைத் திருப்ப முடியாதா? இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"ஏன் மாப்ள, நான் நொட்டாங்கையிலயா தண்ணி ஊத்தறேன்? பாக்கறவன் என்னய என்னன்னு நெனைப்பான்?"

பெரிய சண்டைக்குத் தயாராக நின்றிருந்த மாமா சிரித்துவிட்டார். "கைதானுங்களா மச்சான் உங்களுக்குக் கண்ணுல பட்டுது?"

எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு முகம் சிவந்தது. படங்களோடு பலகையும் வெந்நீர் அடுப்புக்குள் போகும் என்றார். மாமா பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டிய பலகை அது.

அம்மா ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துவந்து படத்துக்கு எதிரே பிடித்தாள். "பாருங்க, இப்பச் சோத்தாங்கைதானுங்களே!" கை சரியாகிவிட்டது; பொங்கல் வாழ்த்து படிக்க முடியாதபடி திரும்பிக்கொண்டது.

"வியாபாரிக்கெல்லாம் ஆளுக்கொரு கண்ணாடி சேத்தி அனுப்பட்டுமா?" என்றார் அப்பா.

அந்தப் படங்களில் ஒன்றைப் போன வாரம் என் மகள் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். அவளுடைய தோழிகள் யாராவது வந்து இது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைசியில் அப்பா சாட்சிக்கு ஆள் அனுப்பினார். படத்தில் முன்னால் குனிந்திருந்த அந்தம்மா களத்திலிருந்து வந்தார். வாண்டுகளான நாங்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வழக்கம்போலக் கொல்லை வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நீயே சொல்லு அம்மணி. நான் எந்தக் கையில தண்ணி ஊத்துவேன்?"

அவருடைய பதிலைக் கேட்டதும் அப்பா உள்ளே போய்விட்டார். படங்களை எரிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இவ்வளவு நேரம் காத்திருந்தும் வலதா இடதா என்று தீர்ப்புக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஒரே சலிப்பு. அந்தம்மா சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கெப்படீங்க தெரியும்? குனிஞ்சுதானுங்களே குடிக்கறோம். ஊத்தற கைய ஒருநாளும் நிமுந்து பாத்ததில்லீங்க."